காணப்படாத குறையும் கடமையும்

ஒரு செயலின் நேர்மையைப் பிறர் கண் தீர்மானிக்கின்றதா, அன்றிச் செய்பவன் மனம் தீர்மானிக்கின்றதா? அறவியலின் இப்பழைய வினா றொக்கெட்டுத் தொழிற்சாலையிலும் எழுகின்றது.

உலோகத் தகடு தன் வலிமையுடனேயே தொழிற்சாலையை அடைகின்றது. அதனைச் சோதித்த பின்னர் வேலையைத் தொடங்கலாம். காபன் நாரும் பிசினும் இணைந்த கூட்டுப்பொருளின் இயல்பு வேறு. பிசின் ஊட்டிய நார்ப்படலங்களை அச்சின்மீது ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, வெப்பமும் அமுக்கமும் கொடுத்து இறுகச் செய்கின்றனர். பொருளும் உறுப்பும் ஒருங்கே பிறக்கின்றன. படலத்தைக் காக்கும் மெல்லிய தாளொன்று இடையே தங்கிவிடின் மேற்பரப்பு அதனை மறைத்துவிடும். கழியொலி அலைகளாற் சோதிப்பதுண்டு. எனினும் வலுவற்ற ஒட்டு, நல்ல ஒட்டுப் போலவே அச்சோதனையில் தோற்றக்கூடும்.

மீளப் பயன்படுத்தத்தக்க விண்கலத்துக்கு முன்னோடியாக, 1996இல் ஐக்கிய அமெரிக்காவின் நாசாவும் லொக்ஹீட் மார்ட்டின் நிறுவனமும் எக்ஸ்-33 திட்டத்தைத் தொடங்கின. அதன் ஐதரசன் தாங்கி, தேன்கூடு போன்ற உள்ளீட்டின் இருபுறமும் கூட்டுப்பொருட் தோல் ஒட்டப்பெற்றது. 1999 நவம்பரில், ஏறத்தாழ −253 பாகை சதமளவிலுள்ள திரவ ஐதரசனை நிரப்பிச் சுமையேற்றியபோது தாங்கி உறுதியாய் நின்றது. வெறுமையாக்கிய பின்னரே, ஒரு பகுதியில் வெளித்தோலும் உள்ளீடும் உட்தோலினின்று பிரிந்தன. நுண்வெடிப்புகளூடாக உள்ளீட்டினுட் புகுந்த வாயுவின் அமுக்கமும், வலிமை குன்றிய ஒட்டும், உற்பத்திக் குறைகளும் காரணமென விசாரணை கண்டது. 2001இல் திட்டம் கைவிடப்பட்டது. அத்தாங்கியைச் செய்தோரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. சோதனையைத் தாங்கி நின்றதும் உடையலாம் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

இனி, தன் அடுக்கில் ஏதோ தவறிவிட்டதென ஐயுறும் ஒரு தொழிலாளியை எண்ணிப் பார்ப்போம். வாய் திறந்தாற் பலருடைய பல வார உழைப்பு வீணாகும். திறவாவிடின் எவரும் அறியார். பயனையே அளவுகோலாகக் கொள்வோர், நேரக்கூடிய இழப்பைக் கணக்கிடுமாறு கூறுவர். ஆயின் அக்கணக்குக்கு வேண்டிய உண்மை அவனொருவனிடமே உண்டு. அவன் மௌனம் பிறர் கணக்கனைத்தையும் பொய்யாக்குகின்றது. கடமையைப் பயனுக்கு மேலாக வைத்த ஜேர்மன் தத்துவஞானி கான்ற்றின் வழிநின்று நோக்கின், எல்லோரும் இவ்வாறே மறைப்பின் என்னாகும் என்று வினவவேண்டும். அப்போது சோதனைப் பதிவேடு வெறுங் காகிதமாகிவிடும்.

எனினும் முழுப் பாரத்தையும் அவன் தலையில் ஏற்றுதல் நீதியன்று. உண்மை சொன்னவனை ஒறுக்கும் நிறுவனம் அடுத்தவனுக்கு மௌனத்தைக் கற்பிக்கின்றது. நிறுவனம் தவறியமையால் அவன் கடமை அழிவதில்லை. அதற்கு அவன் கொடுக்கவேண்டிய விலையே கூடுகின்றது. அவ்விலையைக் குறைத்தல் நிர்வாகிகளின் அறம். விலை கூடியபோதும் உண்மையைச் சொல்லுதல் தொழிலாளியின் அறம். இரண்டும் ஒன்றுசேரும் இடத்திலேயே காணப்படாத குறை வெளிச்சத்துக்கு வருகின்றது.