பீடமும் பதிவேடும்

ஒரு மதத்தின் தலைவர் தம் அடியாருக்கு வகுக்கும் ஒழுக்க விதியை நாட்டிலுள்ள அத்தனை பேருக்கும் சட்டமாக்கும்படி கேட்கலாமா என்பது இலங்கையில் ஓயாத கேள்வி. ஒருபாலினத்தவரின் இணைவாழ்வைப் பற்றிய வாதத்தில் அது மிகக் கூர்மையாக எழுகிறது. தற்பாலினப் பயணிகளை வரவேற்கும் திட்டமொன்றுக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை ஆதரவுக் கடிதம் கொடுத்த செய்தி 2025 செப்டெம்பரில் வெளியானது. கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். பௌத்த உயர்பீடங்களிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. அந்தத் திட்டம் விருந்தினரை மரியாதையோடு நடத்துவதைப் பற்றியது. எவருடைய திருமணத்தையும் அது பேசவில்லை. ஆயினும் பேச்சு உடனே குடும்பத்தின் அழிவு, பண்பாட்டின் அழிவு என்று திரும்பிவிட்டது.

அறத்தின் பக்கம் நின்றால் விடை தெளிவானது. தன் கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் யாருக்கு மணம் முடித்துவைப்பது என்பதை ஒவ்வொரு மதமும் தானே தீர்மானிக்கட்டும். விவாகப் பதிவாளரின் பதிவேட்டில் யார் பெயர் ஏறலாம் என்று சொல்லும் அதிகாரம் எந்தப் பீடத்துக்கும் இல்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும்படி கேட்கும் அதிகாரம் அறவே இல்லை.

இங்கே சட்டம் இன்னும் சிறைப் படியில்தான் நிற்கிறது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை ஆங்கிலேயர் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்தின் வழிவந்தது. அதன் 365, 365அ பிரிவுகள் பெரியவர்கள் இருவர் மனமொத்துத் தனிமையில் கூடுவதையும் குற்றமாக்குகின்றன. 1995 இல் வந்த திருத்தம் ஆண்களுக்கு மட்டும் இருந்த 365அ பிரிவைப் பெண்களுக்கும் நீட்டியது. சட்டத்தை எழுதிக்கொடுத்த இங்கிலாந்து தன் ஊரில் அதை 1967 இல் கைவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6 இல் தளர்த்தியது. இலங்கை நீதிமன்றங்களால் அப்படிச் செய்ய முடியாது. அரசியலமைப்பின் 16 ஆவது உறுப்புரை, அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் பழைய எழுத்துச் சட்டங்கள் செல்லும் என்கிறது. சட்டம் ஏட்டில் தூங்குகிறது என்று ஆறுதல் சொல்வோரும் உண்டு. 2017 முதல் குறைந்தது ஏழு பேர் இந்த வழக்குகளுக்காகக் கட்டாய உடற்பரிசோதனைக்கு உள்ளாக்கப்பட்டதை மனித உரிமைக் கண்காணிப்பகமும் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பும் 2020 இல் வெளிப்படுத்தின. தூங்கும் சட்டம் மனித உடம்பில் கை வைக்காது.

பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த இந்தத் தண்டனையை நீக்கத் தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்து மனுக்கள் தாக்கலாயின. சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்ற உயர் நீதிமன்றத்தின் தீர்மானத்தை 2023 மே 9 இல் சபாநாயகர் அறிவித்தார். மனித மாண்பை அது வலுப்படுத்தவே செய்யும் என்பது நீதியரசர்களின் கருத்து. இவ்வளவு வழி திறந்த பிறகும் பாராளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. 2024 செப்டெம்பரில் சபை கலைக்கப்பட்டபோது சட்டமூலமும் காலாவதியானது.

எதிர்ப்போர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவை மதங்களே. ஆணும் பெண்ணும் சேர்வதே திருமணம் என்று அவற்றின் மறைநூல்கள் போதிப்பதை எவரும் மறுக்க முடியாது. நம்பிக்கையுள்ளவரின் மனச்சாட்சியை அரசு வற்புறுத்தக் கூடாது. இங்கிலாந்தின் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபாலினத் திருமணத்தை ஏற்றபோதே அந்நாட்டுத் திருச்சபையை அதை நடத்தும் கடமையிலிருந்து விலக்கி வைத்தது. அந்தப் பாதுகாப்பு இங்கேயும் தரப்பட வேண்டியதே.

அதற்கு அப்பால் அந்த வாதம் நிற்காது. கத்தோலிக்கத் திருச்சபை விவாகரத்தை ஏற்பதில்லை. நாட்டின் சட்டமோ கத்தோலிக்கருக்கும் விவாகரத்து வழங்குகிறது. விவாகரத்துப் பெற்றவரைச் சிறையில் தள்ளுங்கள் என்று எந்த ஆயரும் கேட்பதில்லை. மதுவைத் தவிர்ப்பது பௌத்தரின் ஐந்தாம் சீலம். மதுவரி அரசின் பெரிய வருமானங்களில் ஒன்று. தன் அடியாரே மீறும் விதிகளைப் போதனையோடு விட்டுவிடும் மதபீடம், எண்ணிக்கையில் சிறிய, எதிர்த்துப் பேச அஞ்சும் ஒரு கூட்டத்தின் மீது மட்டும் சட்டத்தின் பிரம்பைக் கேட்பது நடுவுநிலை ஆகாது. சமன் செய்து சீர்தூக்கும் துலாக்கோல் போல ஒருபக்கம் சாயாதிருப்பதே சான்றோர்க்கு அழகு என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்த அளவுகோல் அரசனுக்கு மட்டும் உரியதல்ல; துறவிக்கும் ஆயருக்கும் அதுவே அளவுகோல்.

திருமணம் என்றைக்கும் ஒரே வடிவில் இருந்தது என்பதும் உண்மையல்ல. அதை மறுக்கும் சான்று கண்டி மண்ணிலேயே கிடக்கிறது. கண்டி இராச்சியத்தில் சகோதரர் இருவர் ஒரு பெண்ணை மணந்து ஒரே வீட்டில் வாழ்வது வழக்காறாக இருந்தது. அந்நாட்டில் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில் அதைப் பதிவு செய்தார். கணவன் வீட்டுக்கு மனைவி போகும் தீக மணம், மனைவி வீட்டுக்குக் கணவன் வரும் பின்ன மணம் என்று உறவு முறையும் சொத்துரிமையும் வேறு வேறாக இருந்தன. 1859 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்தான் பலதார, பலகணவ மணங்களைத் தடுத்துப் பதிவைக் கட்டாயமாக்கியது. பலர் பதியவில்லை, அவர்களுடைய மணம் சட்டத்தின் கண்ணில் மணமே அல்ல என்றாகிப் பிள்ளைகளின் உரிமை சிக்கலுக்குள்ளானது. இன்று கண்டியரின் மணத்தை ஆள்வது 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டம். பழைய வழக்காறு மீள வேண்டும் என்று இங்கே யாரும் வாதிடவில்லை. தொன்றுதொட்டு மாறாதது என்று இன்று காட்டப்படும் திருமணம், கண்டி மலைநாட்டில் சட்டம் போட்டு ஆக்கிய வடிவம். அதன் வயது இருநூறு ஆண்டுகூட இல்லை.

பௌத்தத்தில் திருமணம் திருவருட்சாதனமும் அல்ல. கண்டியில் ஒரு சிங்களத் திருமணத்தைப் பார்த்தவருக்கு இது விளங்கும். அலங்கரித்த போருவ மேடையில் மணமக்கள் ஏறுகிறார்கள், வெற்றிலை கைமாறுகிறது, இருவரின் சுண்டுவிரல்களையும் நூலால் கட்டிக் கெண்டியிலிருந்து நீர் வார்க்கிறார்கள், தேங்காய் உடைகிறது, வெள்ளை உடுத்த சிறுமிகள் ஜயமங்கல காதை பாடுகிறார்கள். சடங்கை நடத்துபவர் இல்லறத்தார் ஒருவர். தேரர்கள் அந்த மேடைக்கு வருவதில்லை. திருமணத்தை உலகியல் காரியமாக விட்டு விலகி நின்ற சங்கம், அதே காரியத்தில் அரசுக்கு எல்லை வகுக்க முன்வருவது அதன் மரபுக்கே பொருந்தவில்லை. தீக நிகாயத்தின் சிகாலோவாத சூத்திரம் கணவனுக்கு ஐந்து கடமைகளையும் மனைவிக்கு ஐந்து கடமைகளையும் சொல்கிறது. மதித்தல், இழித்துரையாமை, பிறரை நாடாமை என்று செல்லும் அந்தப் பட்டியல் கணவன் மனைவியை நோக்கிச் சொல்லப்பட்டதுதான். ஆனால் அவற்றைக் கடைப்பிடிக்க இரு பெண்களுக்கோ இரு ஆண்களுக்கோ என்ன தடை? மரபு என்பதாலோ குரு சொன்னார் என்பதாலோ மட்டும் ஒன்றை ஏற்காதீர்கள் என்று காலாமர் என்ற குலத்தாருக்குப் புத்தர் சொன்னதும் இதே நூல் மரபில்தான் இருக்கிறது.

கண்டியின் மல்வத்தை, அஸ்கிரிய பீடங்கள் சேர்ந்த சியம் நிகாயத்தின் வரலாறு இவ்விடத்தில் கனமானது. இலங்கையில் உபசம்பதை எனும் முழுத் துறவேற்பு அற்றுப்போயிருந்த காலத்தில், மதுரை நாயக்கர் வழிவந்த கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் முயற்சியால் சியாமிலிருந்து உபாலி தேரர் வந்து 1753 இல் கண்டியில் அதை மீட்டுத் தந்தார். அந்தச் சியாமே இன்றைய தாய்லாந்து. அதே தேரவாதம், அதே திரிபிடகம். அங்கே 2024 ஜூனில் செனட் சபை ஒருபாலினத் திருமணச் சட்டத்தை ஏற்றது; 2025 ஜனவரி 23 முதல் அது நடைமுறையில் உள்ளது. தர்மம் அங்கே அழிந்துவிடாதபோது, கண்டியில் மட்டும் அது எப்படி அழியும்?

கத்தோலிக்கத் தரப்பிலும் நிலை ஒரே கல்லாக இல்லை. ஒருபாலினத்தாரை அநீதியாகப் பாகுபடுத்தக் கூடாது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே விதிக்கிறது. ஒருபாலினத்தவராக இருப்பது குற்றமல்ல என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொல்லித் தண்டனைச் சட்டங்களை அநீதி என்றார். அதே ஆண்டு டிசெம்பரில், திருமணத்தோடு குழப்பிக்கொள்ளாத முறையில் இத்தகைய இணைகளுக்கு ஆசி வழங்க வத்திக்கான் இடம் கொடுத்தது. உரோமையே இவ்வளவு தூரம் வந்த பின் கொழும்பில் குரல் இறுகுவது வேதனை தருகிறது.

தமிழ் மரபோ சடங்கின் தோற்றத்தைப் பற்றி அச்சமில்லாமல் பேசியது. பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகே பெரியோர் மணச் சடங்கை வகுத்தனர் என்கிறது தொல்காப்பியக் கற்பியல். அன்பு முந்தியது, கைவிடப்படுவோரைக் காக்க மனிதர் கட்டிய ஏற்பாடு பிந்தியது. அகநானூற்றின் 86 ஆம் பாட்டில் வரும் திருமணத்தில் மங்கல மகளிர் நீராட்டி வாழ்த்துகிறார்கள். தீ வளர்ப்பும் புரோகிதரும் அங்கே இல்லை. இல்வாழ்க்கையின் பண்பு அன்பு என்றும் பயன் அறம் என்றும் வள்ளுவர் முடிவு கட்டினார். மணிமேகலையோ உயிர்களுக்கு உணவும் உடையும் உறையுளும் தருவதையே அறம் என்றது. இந்நூல்கள் ஒருபாலின மணத்தைப் பாடவில்லை. ஆனால் இவற்றின் அளவுகோலில் வைத்தால், ஒருவரையொருவர் தாங்கி வாழும் இருவரைத் துரத்துவது அறமாகாது.

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக மேலேறி மடுல்கெல்லத் தோட்டங்களுக்கு வந்தால், பதிவேட்டின் அருமை தெரிந்த மக்களைக் காணலாம். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டுச் சட்டம் விண்ணப்பிக்க இடம் தந்தபோது, மணமானவருக்கு ஏழாண்டு வதிவிடமும் மணமாகாதவருக்குப் பத்தாண்டும் கேட்டது. கோயிலில் தாலி கட்டியதோடு நின்று பதியாமல் விட்டவர்கள் தம் குடும்பத்தை எழுத்தரின் மேசைமுன் நிரூபிக்க வேண்டியிருந்தது. அரசு ஏட்டில் உறவு இல்லாவிட்டால் உறவே இல்லாததுபோல நடத்தப்படுவதன் கொடுமையை இம்மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறை ஒன்றில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருவர் இருபது ஆண்டு ஒன்றாக வாழ்கிறார்கள் என்று கொள்வோம். ஒரே அடுப்பு, ஒரே சேமிப்பு. ஒருத்தி உயில் எழுதாமல் இறந்தால், 1876 ஆம் ஆண்டின் சட்டம் வாழ்க்கைத் துணைக்கு ஒதுக்கும் பாதிச் சொத்து மற்றவளுக்கு வராது. வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத இரத்த உறவு வந்து எடுத்துக்கொள்ளும். இப்படி வாழும் வேறு இருவரில் ஒருத்தி அரசாங்க ஆசிரியையாக இருந்தால் துணைக்குரிய ஓய்வூதியமும் அவளோடு முடிந்துவிடும். ஆஸ்பத்திரியில் உறவுமுறை கேட்கும்போது “கூட்டாளி” என்பதற்கு மேல் அவள் எதைச் சொல்வாள்? பதிவேட்டை மூடச் சொல்லும் ஒவ்வொரு பீடாதிபதியும் இந்த ஒருத்தியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லக் கடமைப்பட்டவர்.

இந்தியாவிலும் இதே இழுபறி. 2023 அக்டோபர் 17 இல் உச்ச நீதிமன்றம் ஒருபாலினத் திருமணத்தை ஏற்க மறுத்து விஷயத்தைச் சட்டமன்றங்களிடம் விட்டது. ஜமியத் உலமா-இ-ஹிந்த் போன்ற அமைப்புகள் அவ்வழக்கில் எதிர்த்து வாதாடியிருந்தன. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது சிறிய வெளிச்சம். நேபாளத்தில் 2023 நவம்பரில் முதல் பதிவு நடந்துவிட்டது.

இலங்கையில் செய்ய வேண்டியவை இரண்டு. இரண்டும் பாராளுமன்றத்தின் கையில் உள்ளன. முதலாவது 365, 365அ பிரிவுகளில் மனமொத்த பெரியவர்களை விலக்குவது. அதற்கான வரைவு முன்பே நீதிமன்றப் பரிசோதனையைக் கடந்துவிட்டது. இரண்டாவது 1907 ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தைத் திருத்துவது. கண்டியர் சட்டத்தையும் முஸ்லிம் விவாகச் சட்டத்தையும் தேவாலய மணங்களையும் தொடாமலே அதைச் செய்யலாம். பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் அரசியலமைப்பின் 9 ஆவது உறுப்புரையும் இதற்குத் தடையல்ல. பிற மதத்தாரின் உரிமையையும் சிந்தனைச் சுதந்திரத்தையும் அதே வாசகம் உறுதிப்படுத்துகிறது.