சுருக்கமும் முழுமையும்

முன்னோர் தந்த செல்வம் முழுவதையும் சுமந்து செல்ல இயலாதபோது, அதனைச் சுருக்கி எடுத்துச் செல்வது அறமாகுமா? பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர்வந்து வாழ்வோரை என்றேனும் ஒருநாள் எதிர்கொள்ளும் வினா இது. பொங்கல் ஒரு காலைப்பொழுதிலேயே முடிந்துவிடுகிறது. பாட்டி சொன்ன கதைகள் பாட்டியோடு போய்விடுகின்றன. பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தயங்குகின்றனர். சுள்ளிக்கல்லிலும் மட்டாஞ்சேரியின் பிற தெருக்களிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்வினா புதிதன்று. இதற்கு விடை காண இசையுலகிலிருந்து ஒரு சான்றை எடுத்துக்கொள்வோம்.

ஜெர்மானிய இசை மேதை யோகான் செபாஸ்தியன் பாக் (1685–1750) இயற்றிய பெரும்படைப்புகளுள் ஒன்று 'மத்தேயு திருப்பாடுகள்'. இயேசுநாதர் பாடுபட்டு உயிர்நீத்த வரலாற்றை, மத்தேயு நற்செய்தியின் 26, 27 ஆம் அதிகாரங்களைத் தழுவி அது பாடுகிறது. லைப்சிக் நகரின் புனித தோமையார் ஆலயத்தில் 1727ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று அது முதலில் அரங்கேறியது என்பர் அறிஞர். இரண்டு பாடற்குழுக்களும் இரண்டு கருவியிசைக் குழுக்களும் கூடி நிகழ்த்த வேண்டிய படைப்பு அது.

ஆயினும், அதனைப் பயிலும் பாடகர் கையில் பெரும்பாலும் இருப்பது முழு இசையேடு அன்று. ஆங்கிலத்தில் 'வோக்கல் ஸ்கோர்' எனப்படும் சிறு நூலே இருக்கும். நாம் அதனைப் பாடகர் சுவடி என்போம். பாடுவோர் குரல்கள் யாவும் அதில் ஒன்றும் குறையாமல் அச்சிடப்பட்டிருக்கும். வயலின், புல்லாங்குழல், ஓபோ முதலிய கருவிகளின் இசையோ, ஒருவர் இரு கைகளாலும் பியானோவில் வாசிக்கத்தக்க இரண்டு வரிசைகளாகச் சுருக்கப்பட்டிருக்கும். இவ்விடத்தில் புல்லாங்குழல், இவ்விடத்தில் ஓபோ எனச் சிறிய எழுத்தில் குறித்துக்காட்டும் பதிப்புகளும் உண்டு.

இது மூலத்திற்குச் செய்த குறை அன்றோ எனக் கேட்கலாம். குறைதான். ஆனால், சுருக்கம் கூடாது என்று உலகம் பிடிவாதம் செய்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? பாக் மறைந்தபின் இப்படைப்பு லைப்சிக்குக்கு வெளியே ஒலிக்காமலே நெடுங்காலம் கிடந்தது. 1829 மார்ச் 11 அன்று, இருபது வயது இளைஞரான மெண்டல்சோன் அதனைப் பெர்லினில் நிகழ்த்தினார். பல பகுதிகளை நீக்கியே நிகழ்த்தினார். அடுத்த ஆண்டே முழு இசையேடு அச்சேறியது. இன்று பல நாடுகளில் அது முழுமையாகவே பாடப்படுகிறது. சுருக்கம் முழுமைக்கு வழி திறந்தது.

அப்படைப்பில் ஐந்து முறை வரும் பண் ஒன்று நமக்கும் உறவுடையது. ஹாஸ்லர் என்பவர் 1601இல் ஒரு காதற்பாட்டுக்கு அமைத்த மெட்டு அது. பின்னர் சிலுவைப் பாட்டுக்கு உரியதாயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1706இல் வந்திறங்கியபின் வளர்ந்த லுத்தரன் மரபில், பப்ரிசியஸ் (1711–1791) ஜெர்மானியப் பாடல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். அப்பாடலும் தமிழில் வந்தது. தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் தவக்காலத்தில் அதே மெட்டு தமிழ்ச் சொற்களோடு ஒலிக்கிறது. இரட்டைக் கருவிக்குழு அங்கே இல்லை, மொழியும் வேறு. ஆயினும், பாடுவோர் பொருளுணர்ந்து உருகிப் பாடுகின்றனர்.

நாம் வாழும் கொச்சிக் கரையில் வேறொரு காட்சியைக் காண்கிறோம். இலத்தீன் கிறித்தவர்களின் சவிட்டு நாடகம் தமிழ் கலந்த மொழியிலே பாடப்படுகிறது. பெருமன்னன் சார்லமேனின் கதையைக் கூறும் 'காறல்மான் சரிதம்' சின்னத்தம்பி அண்ணாவி இயற்றியது என்பது மரபு. மலையாளம் பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாக அச்சுவடியைக் காத்துவருவது நாம் வணங்கத்தக்க செயல். அதே வேளை, அது நம்மையும் சிந்திக்க வைக்கிறது. அன்றாட வாழ்வில் வழங்காத மொழியில் ஓசை நிலைத்தாலும், பொருளை ஒவ்வொரு தலைமுறைக்கும் எவரேனும் எடுத்துரைத்தாக வேண்டும்.

ஆகவே, சுருக்குவது குற்றமன்று. எதைச் சுருக்குகிறோம் என்று அறியாமலே சுருக்குவதுதான் குற்றம். பாடகர் சுவடி குரலைத் தொடுவதில்லை. முழுமை வேறோர் இடத்தில் உள்ளது என்பதையும் மறைப்பதில்லை. நம் இல்லங்களில் விழாவின் விரிவு, விருந்தின் வகைகள், சடங்கின் நீளம் ஆகியவை கருவியிசை போன்றவை. காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்பக் குறையலாம். தமிழைப் படிக்கும் ஆற்றலை அவ்வாறு கருத இயலுமா? பேச்சு மட்டும் அறிந்த பிள்ளைக்கு நாம் சொன்ன அளவே தமிழ். எழுத்தறிந்த பிள்ளையோ, நாம் விட்டதையும் மறந்ததையும் தானே தேடிச் சென்று படிக்கும். மூலத்தை அடையும் அவ்வழியை அடைத்துவிட்டு, எஞ்சியதைப் பண்பாடு என்று கொடுப்பது பிள்ளைகளுக்கு நேர்மையாகாது.

பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் பிள்ளைக்கு மாலையில் சிறிது நேரம் தமிழ் எழுத்து கற்பிப்பது எளிதன்று. பணி முடிந்து களைத்து வரும் பெற்றோர்க்கு அது பெருஞ்சுமையே. ஆயினும், நம்மிடம் உள்ளவற்றுள் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கலாகாது.