ஊர்க்கூட்டத்துக்கு வந்த ஏவுகணை

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்ட நாள். பள்ளிக்கு எவ்வளவு ஒதுக்குவது, எந்தச் சாலைக்குச் சரளை கொட்டுவது, பனி அள்ளும் வண்டி இன்னொரு குளிர்காலம் தாங்குமா என்பதையெல்லாம் ஊரார் நேரில் கூடிப் பேசி வாக்களிப்பார்கள். 1982 மார்ச் 2 அன்று, இந்தக் கணக்குகளுக்கு நடுவே, 150-க்கும் மேற்பட்ட ஊர்கள் இன்னொரு தீர்மானத்தையும் நிறைவேற்றின. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒருசேர அணு ஆயுதச் சோதனையையும் உற்பத்தியையும் நிறுத்த வேண்டும் என்றது அது.

சில நூறு பேர் வாழும் ஊருக்கு இதைச் சொல்ல என்ன உரிமை?

விவரம் தெரியாதவர்கள் பேசக்கூடாது என்பது பழைய வாதம். அது நெடுநேரம் நிற்காது. இந்தக் கோரிக்கையை முதலில் எழுதிய ரேண்டல் ஃபோர்ஸ்பெர்க், ஸ்டாக்ஹோமின் அமைதி ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்து ஆயுதக் கணக்குகளைக் கற்றவர். அதைவிட முக்கியமானது, ஊரார் ஏவுகணையின் பாய்ச்சல் தூரத்துக்கு வாக்களிக்கவில்லை என்பது. தங்கள் பெயரில், தங்கள் வரிப்பணத்தில், எத்தனை பேரைக் கொல்ல ஆயத்தமாகலாம் என்பதற்கே வாக்களித்தார்கள். அதற்கு விடை சொல்ல நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஒருதரப்பை மட்டும் நெருக்குகிறார்கள் என்ற குறையும் சொல்லப்பட்டது. கோரிக்கை இருதரப்புக்குமானது. ஆனால் மாஸ்கோவின் கையைப் பிடித்து நிறுத்த வெர்மான்ட் விவசாயியால் முடியாது. தன் பெயரில் நீளும் கையைத்தான் அவரால் பிடிக்க முடியும்.

வாக்கெடுப்பில் தோற்றவர்கள் பற்றிய கேள்வி இவ்வளவு எளிதல்ல. மண்டபத்தில் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தவரும் அந்த ஊர்க்காரர்தான். மறுநாள் 'ஊர் சொல்கிறது' என்று செய்தி வரும்போது அவர் பெயரும் அதில் சேர்ந்துவிடுகிறது. சாலைக்கான தீர்மானத்தில் தோற்றவரும் அந்தச் சாலையில் நடப்பார். மனசாட்சியில் தோற்றவருக்கு அப்படி என்ன கிடைக்கிறது? இந்தக் குறை உண்மையானது. ஆனால் தேசமும் இதையேதான் செய்கிறது, இதைவிடப் பெரிதாக. அணுகுண்டை வெறுப்பவரின் வரியும் அணுகுண்டாகிறது. அவரிடம் முகம் பார்த்து யாரும் கேட்பதில்லை. ஊர்க்கூட்டத்தில் மறுப்பவர் எழுந்து பேசலாம். பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே தீர்மானத்தோடு எதிர்வாக்குகளின் எண்ணிக்கையும் வாஷிங்டனுக்குப் போக வேண்டும். அதை மறைக்கும் ஊர், தான் எதிர்க்கும் அரசின் பழக்கத்தையே கைக்கொள்கிறது.

2005 மார்ச்சில் இந்தச் சங்கடம் இன்னும் கூர்மையானது. அந்த மாநிலத்தின் தேசியக் காவல்படையினர் இராக் போரில் இருந்தபோது, வெர்மான்டின் சுமார் 50 ஊர்கள் அந்தப் போரைப் பற்றி ஒரு தீர்மானத்தை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டன. படையினரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்றது அது. களத்தில் நிற்கும் மகனின் தாய் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும். அவர் முன்னால் அந்தப் போர் தவறு என்று சொல்வது கொடுமையா? சொல்லும் விதத்தில் கொடுமை இருக்கலாம், கேட்பதில் இல்லை. பிள்ளையை அனுப்பிய ஊருக்கே ஏன் என்று கேட்கும் உரிமை முதலில் உண்டு.

பலன் இல்லையே என்பார்கள். 1983 மே மாதம் பிரதிநிதிகள் அவை 278-க்கு 149 என்ற கணக்கில் அணு ஆயுத நிறுத்தத்தை ஆதரித்தது, செனட் ஏற்கவில்லை, மறு ஆண்டே அதை எதிர்த்த அதிபர் ரீகன் 49 மாநிலங்களில் வென்றார். வெற்றியை வைத்து ஒரு செயலின் நியாயத்தை அளப்பது சரியல்ல. விலையை வைத்து அளக்கலாம். அங்கேதான் வெர்மான்ட் சற்றுத் தடுமாறுகிறது. கை தூக்கியதால் அந்த ஊர்கள் எதையும் இழக்கவில்லை.

நியூசிலாந்து இழந்தது. 1980-களின் தொடக்கத்தில் அங்கே ஊராட்சிகள் ஒவ்வொன்றாகத் தங்களை அணு ஆயுதமற்ற பகுதியாக அறிவித்தன. கடற்படைத் தளமே இருக்கும் டெவன்போர்ட்டும் அவற்றில் ஒன்று. 1984 தேர்தலுக்குள் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அத்தகைய ஊர்களில் வாழ்ந்தார்கள். டேவிட் லாங்கே அரசு 1985-இல் அமெரிக்காவின் புக்கானன் போர்க்கப்பலை அனுமதிக்க மறுத்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கா தன் பாதுகாப்பு உறுதிமொழியை விலக்கிக்கொண்டது. 1987-இல் அந்த மறுப்பு சட்டமாகவே ஆனது. காக்க வருவதாகச் சொன்ன பெரிய நண்பன் விலகிய பிறகும் சொல்லை மாற்றிக்கொள்ளாத ஊர்களின் தீர்மானத்துக்கு, இழப்பில்லாத தீர்மானத்தைவிட எடை கூடுதல்.

2016 நவம்பரில், முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று நியூசிலாந்துக்கு வந்தது. அணு ஆயுதம் இல்லை என்று அந்நாட்டுப் பிரதமர் சட்டப்படி உறுதிகொண்ட பிறகே சாம்ப்சன் என்ற அந்தக் கப்பலுக்கு அனுமதி கிடைத்தது. அதே வாரம் நிலநடுக்கம் கைகோரா என்ற சிறு கடற்கரை ஊரின் சாலைகளைத் துண்டித்திருந்தது. சாம்ப்சன் நிவாரண உதவியோடு அங்கே போய் நின்றது.