வினாவே பிழையானால்?

மாணவன் எழுதிய விடை பிழையானால் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். ஆசிரியர் தந்த வினாவே பிழையானால்? யாருடைய மதிப்பெண்ணைக் குறைப்பது?

வேடிக்கைக்குக் கேட்கவில்லை, தோழர்களே! அமெரிக்காவில் ஒரு வகுப்பறையில் எழுந்த கேள்வி இது. உயிரைத் தொட்ட கேள்வி.

2007-ஆம் ஆண்டு. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில், ஏழை மக்களுக்கேற்ற பொருள்களை வடிவமைக்கக் கற்பிக்கும் வகுப்பு. பொறியியல் படிப்போர் மட்டுமா அங்கே? வணிக நிர்வாகம் படிப்பவர், மின்பொறி படிப்பவர், கணிப்பொறி படிப்பவர் ஆகியோரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். குறைமாதக் குழந்தையைக் குளிரினின்று காக்கும் கண்ணாடிப் பெட்டி, மருத்துவர் இன்குபேட்டர் என்பாரே, அதன் விலை ஏறத்தாழ 20,000 டாலர். அதை நூற்றில் ஒரு பங்கு விலையில் செய்து காட்டுக! ஜேன் சென், ராகுல் பணிக்கர், லைனஸ் லியாங், நாகானந்த் மூர்த்தி ஆகிய நால்வர் குழுவுக்குக் கிடைத்த வினா இதுதான்.

மதிப்பெண் ஒன்றையே மனத்திற்கொண்டவராயின் என்ன செய்திருப்பர்? பெட்டியைப் பிரித்துப் போட்டு, எதை நீக்கலாம், எதை மலிவாக்கலாம் என்று கணக்கிட்டிருப்பர். விடை வந்திருக்கும், பாராட்டும் வந்திருக்கும். குழந்தை பிழைத்திருக்குமா?

குழுவில் ஒருவர் நேபாளம் சென்றார். மருத்துவமனையிலே பெட்டிகள் இருந்தன. ஆம், இருந்தன, வெறுமையாக! குழந்தைகளோ தொலைவிலுள்ள சிற்றூர்களில், மின்சாரத்தை நம்பவியலாத வீடுகளில் பிறந்து, அங்கேயே குளிர்ந்து மடிந்துகொண்டிருந்தன. பெட்டியின் விலையைக் குறைத்தால், வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையேயுள்ள வழியின் நீளம் குறையுமோ?

வினாவையே மாற்றினர் அந்த மாணவர். மலிவான பெட்டி வேண்டா; தாயின் கைக்கு எட்டும் வெப்பம் வேண்டும் என்றனர். பிறந்தது ஒரு சிறு உறக்கப்பை. அதன் முதுகுப்புறத்தில் மெழுகு போன்ற பொருள் அடங்கிய ஓர் உறை. சற்று நேரம் சூடேற்றினால் மெழுகு உருகும்; மீண்டும் உறையும்போது, 37 டிகிரி அளவிலேயே நின்று, மணிக்கணக்கில் வெப்பம் தரும். ‘எம்பிரேஸ்’, அதாவது ‘அரவணைப்பு’ என்று பெயரிட்டனர். 2011-இல் இந்தியாவில் அது பயனுக்கு வந்தது.

பல துறையினரை ஒன்றாய் அமர்த்தினால் எதிலும் ஆழமிராது, கல்வி கதம்பமாகிவிடும் என்று கவலைப்படும் பேராசிரியர்கள் உண்டு. அவர்கள் கவலையில் பாதி உண்மை. மெழுகின் இயல்பை ஆழ அறிந்தவர் இல்லையேல் அந்தப் பை வெறும் துணி மூட்டை. ஆயினும், மின்பொறியாளர் எங்கும் மின்னோட்டத்தையே காண்கிறார். வணிகம் பயின்றவர் எங்கும் விலையையே காண்கிறார். தன் துறையில் எவரும் கேட்கத் துணியாத ‘ஏன்?’ என்பதைப் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்கிறார். அறியாதவர் என்பதாலேயே கேட்கிறார்! அந்தக் கேள்வியைப் பொறுத்துக்கொள்வது அறிவுக்கான பயிற்சி மட்டுமல்ல, அடக்கத்துக்கான பயிற்சியுங்கூட.

இன்னொரு நிகழ்ச்சி. தொடக்கத்தில் பையின் வெப்பத்தை எண்களால் காட்டினர். இந்தியச் சிற்றூர்த் தாய் ஒருத்தி, மேனாட்டு மருத்துவம் வேகம் மிகுந்தது, ஆகவே சொன்ன அளவுக்குக் குறைத்தே வைப்பேன் என்றாள். “அறியாமை!” என்று நம்மில் பலர் அங்கேயே சொற்பொழிவு தொடங்கியிருப்போம். (பகுத்தறிவு பேசும் நமக்கு இந்த அவசரம் சற்று அதிகம்.) அவர்கள் எண்களை நீக்கினர், சரியான வெப்பம் வந்துவிட்டது என்பதை மட்டும் காட்டும் குறியை வைத்தனர். பட்டம் பெறாத அந்தத் தாயும் அந்த வகுப்பின் ஆசிரியைதானே? அவள் பெயர் எந்தப் பாடத்திட்டத்தில் உண்டு?

மேலும் கேட்கலாம். பொருளே தேவைதானா? கொலம்பியாவின் பொகோட்டா நகரில், 1970-களின் இறுதியில், பெட்டிகள் போதாத மருத்துவமனையொன்றில், குழந்தையைத் தாயின் மார்போடு தோலுறத் தழுவி வைக்கும் முறையை மருத்துவர் எட்கர் ரே தொடங்கினார். கங்காரு முறை என்பர். அதற்கு விலையேது? அரவணைப்புப் பையும் அம்முறைக்குத் துணையே அன்றி மாற்று அல்ல. “இங்கே புதுப்பொருள் வேண்டியதில்லை” என்று எழுதும் மாணவனுக்கு வடிவமைப்பு வகுப்பில் தேர்ச்சி உண்டா? உண்டு என்று சொல்லும் துணிவு இருந்தால்தான் அது கல்வி.

ஸ்டான்போர்டைப் பற்றி இவ்வளவு எழுதிய நாம் செய்தது என்ன? சென்ற தேர்வில், “ஆற்றங்கரையில் வாழ்வோர் அடையும் நன்மைகள் யாவை?” என்று கேட்டோம். வெள்ளத்தில் வீடிழந்த சிறுவன் ஒருவன், இரவோடிரவாகக் கூரை மிதந்து சென்றதையும், ஆட்டுக்குட்டியைத் தலையில் சுமந்து கரையேறியதையும் பக்கம் நிறைய எழுதியிருந்தான். நன்மை ஒன்றும் எழுதவில்லை. சிவப்பு மையால் சுழி போட்டோம். ஐந்து மதிப்பெண் வினா. விடைத்தாள் இன்னும் நம் மேசைமீது கிடக்கிறது. சுழியை அடித்துவிட்டு எவ்வளவு போடுவது, தலைமையாசிரியர் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் இரண்டு நாளாய் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.