பள்ளம் விழுந்த சக்கரம்

பழைய பொருளைப் பழுது பார்ப்பது வேறு, புதிதாக்குவது வேறு. ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள வரப்பு எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எங்கள் மதுரையில் திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. 1636-இல் எழுந்த அந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறையக் கால் பங்குதான். அதையும் இடிபாட்டிலிருந்து மீட்டவர், 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு. அங்கே அண்ணாந்து நிற்கும்போதெல்லாம், இதில் நாயக்கர் எவ்வளவு, நேப்பியர் எவ்வளவு என்று எனக்குள் ஒரு கேள்வி எழும்.

சென்ற ஆண்டு அதே கேள்வி, ஒரு ரிக்கார்டு பிளேயர் உருவில் என் வீட்டுப் பரணிலிருந்து இறங்கி வந்தது.

என் தகப்பனார் மைக்செட் வைத்திருந்தவர். மேலூர் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல் எதுவானாலும் வேப்பமரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவார். 1988-இல் ஒரு கல்யாண வீட்டில் தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிற்று. இருட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. கூடப் போன பையன் பெட்டியை அப்படியே மூடிக் கொண்டுவந்து வைத்தான். அம்மா அதை விற்கவும் இல்லை, திறக்கவும் இல்லை.

அது இங்கிலாந்தின் காரார்ட் கம்பெனி செய்த இயந்திரம். அதில் மோட்டார் நேராகத் தட்டைச் சுற்றுவதில்லை. மோட்டாரின் தண்டுக்கும் சுழல்தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு சிறு ரப்பர் சக்கரம் அழுந்தி நின்று, தன்மேல் விழும் வேகத்தை அந்தப் பக்கம் கொடுக்கிறது. நிறுத்தும் விசையைத் திருப்பினால் சக்கரம் விலகிக்கொள்ளும். அன்று விசையைத் திருப்ப யாருக்கு நினைவிருந்தது? முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்தச் சக்கரம் இரும்புத் தண்டின்மேல் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தது. ரப்பர் இறுகி, அழுந்திய இடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. ஓடவிட்டால் சுற்றுக்கு ஒரு முறை 'டொக்' என்று தட்டியது.

இசைப் பித்துள்ள நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். "மோட்டாரை மாற்றிவிடுங்கள். சக்கரத்தை எடுத்துவிட்டு பெல்ட் போடலாம். இரைச்சலே இராது" என்றார். சொன்னதில் பிழையில்லை. மோட்டாரின் அதிர்வைச் சக்கரம் தட்டுக்கும் கடத்திவிடும் என்பதனால்தான், பின்னால் வந்தவர்கள் பெல்ட்டை நாடினார்கள். 1970-இல் டெக்னிக்ஸ் கம்பெனி மோட்டார்மேலேயே தட்டை உட்கார்த்தியது. ஆனால் அப்படிச் செய்தபின் பெட்டி மட்டுந்தான் அப்பாவுடையதாக இருக்கும்.

அப்பாவோடு தொழில் செய்த பெரியவர் ஒருவர் அழகர்கோவில் சாலையில் இன்னும் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். கிரீஸ் அரக்காய் இறுகியிருந்த பேரிங்கைக் கழுவி எண்ணெய் விட்டார். பிறகு சக்கரத்தைக் கையில் எடுத்தார்.

"இதுக்குப் புது ரப்பர் போட்டு லேத்துல கடைஞ்சிரலாம், தம்பி."

"வேண்டாம் ஐயா, அது இருக்கட்டும். அப்பா கடைசியாகத் தொட்டது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கப்பா கைபட்டது இந்த விசை, தம்பி. பள்ளம் அவர் போட்டதில்ல. அவர் போனப்புறம் நாம யாரும் திரும்பிப் பாக்காததால விழுந்தது. அதையா வச்சுக் கும்பிடப் போறீங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. துக்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எண்ணிக்கொண்டு, நாம் எத்தனை முறை அலட்சியத்தைக் காப்பாற்றுகிறோம்!

"அந்த இரைச்சல்?" என்று கேட்டேன்.

"பலகையைக் கனமாப் போட்டா கொஞ்சம் அடங்கும். முழுசாப் போகாது. இவ்வளவு கனத் தட்டை எடுத்த எடுப்புல இழுத்துச் சுத்துதே, அந்தப் பிடிப்பும் இந்த இரைச்சலும் ஒண்ணாப் பொறந்தது. ஒண்ணை வச்சுக்கிட்டு ஒண்ணைத் தள்ள முடியாது."

வரப்பு எங்கே என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காலமும் கவனக்குறைவும் செய்த காயத்தை ஆற்றலாம், ஆற்றத்தான் வேண்டும். பிறவிக் குணத்தை நீக்கப் புகுந்தால் அது பழுதுபார்ப்பு ஆகாது. நம் ஆசைக்கு வேறொன்றைச் செய்துகொள்வதாகும். மனிதர்களிடத்தில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கட்டிய மனைவியின், பெற்ற பிள்ளையின் சுபாவத்தை மாற்றப் படாதபாடு படுகிறோம். நம்மால் அவர்களுக்கு விழுந்த பள்ளத்தைத் தொடுவதேயில்லை.

புது ரப்பர் போட்டாயிற்று. பெரியவர் 180 கோடு போட்ட அட்டையைச் சுழல்தட்டின்மேல் வைத்து, பழைய டியூப் லைட்டின் கீழே ஓடவிட்டார். நம் ஊர் ஐம்பது சைக்கிள் மின்சாரத்தில், நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் ஆன சுற்றுக்குச் சற்றேனும் கூடிக் குறைந்தால் கோடுகள் நகரும். அவை அசையாமல் நின்றன.

வீட்டுக்கு வந்து ஒரு தட்டைப் போட்டேன். 'டொக்' இல்லை, மெல்லிய இரைச்சல் மட்டும் பாட்டின் அடியில் ஓடியது. அடுப்படியிலிருந்து அம்மா வந்து வாசற்படியில் நின்றாள். பாட்டு முடியும்வரை பேசவில்லை.

"உங்கப்பா இன்னும் சத்தமா வைப்பாரு" என்றாள்.