சீட்டில்லாதவன்

யுத்த விமானிகள் தம்முடன் ஒரு துணிச்சீட்டு வைத்திருப்பதுண்டு. விமானம் வீழ்ந்து அந்நிய மண்ணில் அகப்பட்டால், அவர்களுக்காக அச்சீட்டே பேசும். இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா, சீன எல்லைமீது பறந்தோரின் சீட்டில் பல மொழிகள் இருந்தன. ‘உங்கள் மொழி அறியேன், உணவும் அடைக்கலமும் தருக, எம் அரசு வெகுமதி அளிக்கும்’ என்பது அதன் சாரம்.

வெகுமதிக்காகச் செய்யும் உதவி தருமமாகுமா? பிழைத்தவனுக்கு எவ்வுதவியும் ஒன்றே, செய்தவனுக்கோ ஒன்றன்று. எண்ணமே வினை என்பது பகவன் போதனை. பொருளுக்காக நீண்ட கை, பொருளில்லாவிடத்தில் மடங்கிவிடும்.

1942 ஏப்ரல் 18-இல் ஜப்பான்மீது குண்டு வீசிய அமெரிக்க விமானிகள் பெரும்பாலோர் சீனத்தில் வீழ்ந்தனர். குடியானவர்கள் அவர்களை ஒளித்துக் காத்தனர். அதற்குப் பழியாக ஜப்பானியப் படை செக்கியாங், கியாங்சி மாகாணங்களில் பல்லாயிரம் மக்களைக் கொன்றது. வெகுமதிக்காக எவன் அத்துன்பத்தை ஏற்பான்?

குண்டு வீசியவனைக் காப்பது தகுமோ என்பீர். கொலைத்தொழிலை நாம் ஒப்புவதில்லை. ஆயினும் வீழ்ந்து கிடப்பது ஓர் உயிரன்றோ?

நம் கொல்லங்கோடு தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எல்லையூர். இந்நாளில் இரண்டுமறியாத வடநாட்டுத் தொழிலாளரும் இப்பக்கம் பிழைக்க வருகின்றனர். நான் ஆலையில் உழைத்த காலத்தில், ஒரு மழையிரவில் அத்தகைய ஒருவன் என் வாயிலில் நின்று ஏதோ கேட்டான். மொழி புரியவில்லையென்று கதவைச் சாத்தினேன். அவன் கையில் சீட்டில்லை. அவன் முகத்திலே எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை.

பஞ்சசீலம் ஏற்றோரே, நீங்களேனும் வாசியுங்கள்.