மண்ணறைவாசிகளின் சார்பில் பேசுவது ஓர் அமானிதம்

  

 

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வேலை பார்க்கிறார். போன வாரம் எனக்குப் போன் செய்து ஒரு மஸ்அலா கேட்டார். அந்த மாநிலத்தில் எல்மைரா என்று ஓர் ஊர். அங்கே வுட்லான் என்ற பழைய மையவாடி இருக்கிறது. 1858-இல் திறக்கப்பட்டது. மார்க் ட்வெயின் என்ற பெயரில் உலகம் அறிந்த எழுத்தாளரும் அங்கேதான் அடங்கியிருக்கிறார். இலையுதிர் காலத்தில் அந்த மையவாடியில் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். உடன் வேலை செய்பவர்கள் கூப்பிட, தம்பியும் போயிருக்கிறார்.

நிகழ்ச்சி இதுதான். அங்கே அடங்கியிருப்பவர்களில் சிலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பழைய பத்திரிகைகள், கடிதங்கள், ஆவணங்களைப் பார்த்து அவர்களுடைய வாழ்க்கையைத் திரட்டி எழுதுகிறார்கள். பிறகு நாடக நடிகர்கள் அந்தக் காலத்து உடையை உடுத்திக்கொண்டு, கல்லறைக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறார்கள். "இவர் இன்னார்" என்று சொல்வதில்லை. "நான் இன்ன ஊரில் பிறந்தேன், இன்ன தொழில் செய்தேன், இப்படி இறந்தேன்" என்று இறந்தவராகவே பேசுகிறார்கள். மக்கள் ஒரு கல்லறையிலிருந்து இன்னொரு கல்லறைக்கு நடந்துபோய்க் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பல ஊர்களின் பழைய மையவாடிகளில் இப்படி நடக்கிறது.

தம்பி கேட்டார்: "ஹஜ்ரத், நான் போனது தப்பா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இன்னொண்ணும் கேட்கணும். அங்கே நிற்கும்போது வாப்பாவோட கப்ரு ஞாபகம் வந்துருச்சு. அவங்களுக்காக யாராவது நின்னு பேசினா என்ன பேசுவாங்க?" என்றார்.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. நபி (ஸல்) அவர்கள் ஆரம்பத்தில் கப்ருகளுக்குப் போவதைத் தடுத்திருந்தார்கள். பிறகு, அது மறுமையை நினைவூட்டும் என்பதற்காக அனுமதித்தார்கள். ஸியாரத்தின் நோக்கமே அதுதான். ஸலாம் சொல்கிறோம், துஆ செய்கிறோம், நாளை நமக்கும் இதுதான் என்று எண்ணித் திரும்புகிறோம். கப்ரின் மீது உட்காருவதைவிட நெருப்புக் கங்கின் மீது உட்காருவது மேல் என்று எச்சரித்த மார்க்கம் இது. நம் மையவாடியை நாடக மேடையாக்க இதில் இடமில்லை. இறந்தவர்களின் ஆவி உலவுகிறது என்ற எண்ணத்துக்கும் இடமில்லை. இறந்தவருக்கும் இந்த உலகத்துக்கும் நடுவே பர்ஸக் என்ற திரை இருக்கிறது. திரும்பிப் போய் நல்லமல் செய்கிறேன் என்று கெஞ்சுபவருக்கும் அனுமதி கிடைக்காது என்பதை ஸூரத்துல் முஃமினூன் நமக்குச் சொல்கிறது. தெரியாமல் போன தம்பியிடம், இதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம், அங்கே வந்த மரண நினைவை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்றேன்.

இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. இறந்தவரால் பேச முடியாது. மறுக்கவும் முடியாது. அப்படியென்றால் அவர் சார்பில் பேச யாருக்கு உரிமை இருக்கிறது? எதைப் பேசலாம்?

உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி) அவர்களின் ஜனாஸா

மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களை மதீனாவின் அன்ஸாரிகள் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டுக்கொண்டார்கள். உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி) அவர்கள் உம்முல் அலா (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணியின் வீட்டாருக்குக் கிடைத்தார்கள். அந்த வீட்டிலேயே நோயுற்று வஃபாத்தானார்கள். கபனிட்டு வைத்திருந்தபோது நபி (ஸல்) அவர்கள் வந்தார்கள். அந்தப் பெண்மணி மய்யித்தைப் பார்த்து, அல்லாஹ் உங்களைக் கண்ணியப்படுத்திவிட்டான் என்று நான் சாட்சி சொல்கிறேன் என்றார்கள்.

நபி (ஸல்) அவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? அல்லாஹ் அவரைக் கண்ணியப்படுத்தினான் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அவருக்கு நன்மையையே நான் ஆதரவு வைக்கிறேன் என்றும் சொன்னார்கள். அதன் பிறகு யாரையும் பரிசுத்தமானவர் என்று நான் உறுதி சொன்னதில்லை என்று அந்தப் பெண்மணி அறிவிக்கிறார்கள். இது புகாரியில் பதிவான செய்தி.

யோசித்துப் பாருங்கள். இறந்தவர் ஸஹாபி, முஹாஜிர். சொன்னவர் கூடவே இருந்து பணிவிடை செய்தவர். சொன்னதும் நல்ல வார்த்தை. ஆனாலும் அறியாததை அறிந்ததுபோலச் சொல்ல அனுமதி கிடைக்கவில்லை.

இதே உஸ்மான் (ரலி) அவர்களை அடக்கிய பிறகு நடந்ததை அபூதாவூதில் பார்க்கிறோம். ஒரு கல்லைக் கொண்டுவரும்படி நபி (ஸல்) அவர்கள் ஒருவரிடம் சொன்னார்கள். அவரால் தூக்க முடியவில்லை. நபி (ஸல்) அவர்களே எழுந்து, கைச்சட்டையை மேலே ஏற்றிவிட்டு, அந்தக் கல்லைச் சுமந்துவந்து கப்ரின் தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் கப்ரை அடையாளம் தெரிந்துகொள்வதற்காக என்று காரணமும் சொன்னார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அவருடைய உள்ளத்தைப் பற்றி, முடிவைப் பற்றி உறுதி சொல்வதைத் தடுத்தார்கள். அவருடைய அடையாளம் தொலைந்துவிடாமல் இருக்கத் தம் கையாலேயே கல் சுமந்தார்கள். தெரியாததில் வாயை மூடு, செய்ய வேண்டியதில் கையை நீட்டு. என் இரவுக்கு இந்த ஹதீஸ்களில்தான் பதில் கிடைத்தது.

அந்த நடிகரிடம் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். பிறந்த வருடம், செய்த தொழில், எழுதிய கடிதம் இவை பதிவில் இருப்பவை. "அன்றிரவு என் மனம் இப்படி நினைத்தது" என்று அவர் பேசும்போது அது யாருடைய பேச்சு? எழுதிக் கொடுத்தவருடைய பேச்சு. நமக்கு அறிவிப்பாளர் வரிசை என்ற பெரிய கல்வி இருக்கிறது. யார் சொன்னார், யாரிடம் கேட்டார், நேரில் கேட்டாரா என்று ஒவ்வொன்றாக விசாரித்த சமுதாயம் நாம். அந்தப் பேணுதலை நம் வீட்டு மய்யித்துக்கும் கொடுக்க வேண்டாமா?

பேசாமலேயே பேசிய ஒருவர்

சகோதரர்களே! எல்மைராவின் அந்த மையவாடியைப் பற்றிப் படித்தபோது ஒரு மனிதரின் வரலாறு என்னை நிறுத்திவிட்டது. அவர் பெயர் ஜான் ஜோன்ஸ். 1817-இல் வர்ஜீனியாவில் லீஸ்பர்க் பக்கத்தில் அடிமையாகப் பிறந்த கறுப்பின மனிதர். 1844-இல் தப்பித்து, வடக்கு நோக்கி நெடுந்தூரம் வந்து எல்மைராவில் குடியேறினார். தன்னைப்போலத் தப்பி வந்த சுமார் 800 பேர் மேலும் வடக்கே போய்ச் சேர உதவியதாக வரலாறு சொல்கிறது. வுட்லான் மையவாடியைப் பராமரிக்கும் பொறுப்பும் அவருக்கு வந்தது.

அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட தெற்குப் படை வீரர்களைச் சிறைபிடித்து, 1864 ஜூலை முதல் எல்மைராவில் ஒரு முகாமில் அடைத்தார்கள். ஓராண்டில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். குளிரும் நோயும் பசியும் தாக்கி ஏறக்குறைய கால்வாசிப் பேர் இறந்துபோனார்கள். அவர்களை அடக்கும் வேலை யாரிடம் வந்தது? அதே ஜான் ஜோன்ஸிடம்.

தன்னையும் தன் இனத்தையும் அடிமையாகவே வைத்திருக்கத் துப்பாக்கி தூக்கியவர்களின் உடல்கள் அவர் கைக்கு வருகின்றன. நாளுக்குச் சராசரியாக எட்டு. பெயரைக் குறிக்காமல் ஒரே குழியில் தள்ளியிருந்தால் கேட்க ஆளில்லை. ஆனால் அவர் ஒவ்வொருவருடைய பெயரையும், படைப்பிரிவையும், இறந்த தேதியையும், அடக்கிய இடத்தையும் குறித்து வைத்தார். அவர் அடக்கியவர்கள் 2,973 பேர். அவர்களில் பெயர் தெரியாதவர்கள் 7 பேர் மட்டுமே. அந்தப் பதிவுகளால்தான் பின்னாளில் ஒவ்வொரு கல்லறைக்கும் பெயர் பொறித்த கல் நாட்ட முடிந்தது. அவர் அடிமையாக இருந்த தோட்டத்தின் மேற்பார்வையாளருடைய மகன் ஒருவனும் இறந்தவர்களில் இருந்தான். பெயரைக் கண்டு அடையாளம் தெரிந்துகொண்ட ஜோன்ஸ், அவன் குடும்பத்துக்குத் தகவல் போக வழி செய்தார்.

ஒரு அடக்கத்துக்கு இரண்டரை டாலர் கூலி வாங்கினார் என்பதும் பதிவில் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பது நேர்மையல்ல. கூலி குழி வெட்டுவதற்குத்தான் கிடைத்தது. எதிரியின் பெயரைக்கூடப் பிழையில்லாமல் எழுது என்று எந்தக் கூலியும் ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அவர் உள்ளத்தில் என்ன இருந்தது, மன்னித்தாரா, கடமை என்று மட்டும் செய்தாரா, நான் சொல்ல மாட்டேன். உம்முல் அலா (ரலி) அவர்களுக்குக் கிடைத்த பாடம் நமக்கும் உண்டு. அவர் கைகள் செய்தது நமக்குத் தெரியும். அது போதும்.

நம் நபி (ஸல்) அவர்கள் ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிர் அல்லவா என்று கேட்டார்கள். பள்ளிவாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் எளியவர் இறந்தபோது, நபியவர்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று ஸஹாபாக்கள் தாங்களே அடக்கிவிட்டார்கள். ஆளைக் காணோமே என்று விசாரித்த நபி (ஸல்) அவர்கள், ஏன் எனக்குத் தெரிவிக்கவில்லை என்று கேட்டு, அந்தக் கப்ருக்குப் போய்த் தொழுதார்கள்.

ஜோன்ஸைப் படித்த மறுநாள் நம் ஜமாஅத்தின் அடக்கப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஊர்ப் பெரியவர்களுக்குத் தகப்பன் பெயர், பாட்டனார் பெயர், தெருப் பெயர் எல்லாம் இருக்கின்றன. சில வரிகளில் "வெளியூர் ஆள்" என்று மட்டும் இருக்கிறது. பெயர் இல்லை. அதில் இரண்டு வரி என் கையெழுத்து. வேலை தேடி நம் ஊருக்கு வந்து, நம் மண்ணில் அடங்கிய பிள்ளைகள். எங்கோ ஒரு தாய் இன்றும் காத்திருக்கலாம். போரின் நடுவே, எதிரியின் பெயரை ஒருவர் காப்பாற்றியிருக்கிறார். சமாதான காலத்தில், சொந்தச் சகோதரனின் பெயரை நான் தொலைத்திருக்கிறேன்.

என் தவறு ஒன்று

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சில வருடங்களுக்கு முன், வேறோர் ஊரில் இமாமாக இருந்தபோது ஒரு செல்வந்தரின் ஜனாஸாவில் பேசினேன். யாருடைய ஹக்கையும் வைத்திராத மனிதர் என்று உருக்கமாகச் சொன்னேன். எனக்கு அது தெரியாது. பேச்சு நன்றாக வந்தது, சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் அவருடைய தங்கை வீட்டு வாசலுக்கு வந்து, பர்தாவுக்குள்ளிருந்து அழுதார்கள். "ஹஜ்ரத், வாப்பா சொத்துல என் பங்கைக் காக்கா தரவேயில்லை. மகன்கள்கிட்டே கேட்டா, ஹஜ்ரத்தே ஜனாஸாவுல சொல்லிட்டாங்களேன்னு சொல்றாங்க."

அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். இறந்தவருக்கு நல்லது செய்வதாக நினைத்து, உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணின் வாயை அடைத்துவிட்டேன். அவருக்காவது நல்லது செய்தேனா? அந்தக் கடனோடேயே அவரைக் கப்ரில் விட்டுவிட்டேன். மகன்களிடம் போய் நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டேன். அந்தப் பங்கு வந்துசேர இரண்டு வருடம் ஆயிற்று.

நபி (ஸல்) அவர்களிடம் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டால், இவருக்குக் கடன் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது, அடைக்க எதுவும் விட்டுச் செல்லவில்லை என்றால் நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்பார்கள். அப்படி ஒருமுறை அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனுக்கு நான் பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் தொழவைத்தார்கள். மய்யித்தின் சார்பில் பேசப்பட்ட பேச்சுகளில் அதைவிடச் சிறந்த பேச்சு எது? புகழ்ச்சி ஒரு வரிகூட இல்லை. "அது என் பொறுப்பு", அவ்வளவுதான்.

இறந்தவர்களை ஏசாதீர்கள், அவர்கள் முற்படுத்தியதை அடைந்துவிட்டார்கள் என்று தடுத்ததும் நம் நபிதான். ஆகவே குறைகளைத் தோண்டச் சொல்லவில்லை. நல்லது தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் துஆ செய்யுங்கள். கொடுக்க வேண்டியது இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

அந்தத் தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். "வாப்பாவுக்காக யாரும் நின்று பேச வேண்டாம். அவங்க யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருந்தது என்று விசாரியுங்கள்." அவர் கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு கணக்கு இருக்கு ஹஜ்ரத். உம்மாவுக்குத் தெரியும்" என்றார்.

சகோதரர்களே! வரும் வெள்ளிக்குள் ஒவ்வொருவரும் நம் கடன்களையும் நம்மிடம் உள்ள அமானிதங்களையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். வெளியூர் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருப்பவர்கள், அவர்களுடைய பெயர், ஊர், வீட்டார் தொலைபேசி எண் மூன்றையும் பள்ளியில் கொடுங்கள். பதிவேட்டில் "வெளியூர் ஆள்" என்ற வரி இனி எழுதப்படக் கூடாது.

நம் கப்ருக்குப் பக்கத்தில் எந்த நடிகரும் நிற்கப் போவதில்லை. ஆனால் ஒரு நாள் நம் வாய்கள் முத்திரையிடப்பட்டு, கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்று ஸூரத்து யாஸீனில் அல்லாஹ் எச்சரிக்கிறான். அந்தப் பேச்சில் கற்பனை இருக்காது, மெருகும் இருக்காது. அதற்கான சொற்களை இன்று நாம்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

யா அல்லாஹ்! எங்களுக்கு முன் சென்றவர்களை மன்னிப்பாயாக. எங்கள் மண்ணில் பெயரின்றி அடங்கியிருப்பவர்களை நீ அறிவாய், அவர்களின் கப்ருகளை விசாலமாக்குவாயாக. யாருடைய ஹக்கும் எங்கள் கழுத்தில் இல்லாத நிலையில் எங்களுக்கு மவ்த்தைத் தருவாயாக. நாளை எங்கள் கைகளும் கால்களும் எங்களுக்குச் சாதகமாகப் பேசும்படி ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.